கண்ணில் ஊசி போட்டால் மாரடைப்பு வருமா?



நமது தோட்டத்துப் பாட்டி ஒருவர் கண் ஊசிக்காகக் கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்திவிட்டார். விசாரித்தேன். "டிரஸரையா, அந்த ஊசி போட்ட பத்தாம் நாளு பக்கத்து லயத்துக் கிழவருக்கு மாரடைப்பு வந்திருச்சு. கண்ணு போனாலும் போவட்டும், உசிரு வேணும்" என்றார்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வயதான சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் தேவையில்லாத ரத்தக் குழாய்கள் முளைத்து, நீரும் ரத்தமும் கசியும். நடுப்பார்வை மங்கும். அந்தக் குழாய்களை வளர்க்கும் பொருளை அடக்குவதுதான் ஊசியின் வேலை. ஆனால் உடம்பின் மற்ற ரத்தக் குழாய்களுக்கும் அந்தப் பொருள் வேண்டும். 2004-ல் குடல் புற்றுநோய்க்கென்று வந்த அவாஸ்டின் மருந்தை நரம்பில் ஏற்றியபோது சிலருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வந்தன. அதே மருந்தைக் கண்ணுக்கும் போடுவதால் வந்த சந்தேகம் இது.

அளவைப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள புற்றுநோயாளிக்கு ஒரு தடவைக்கு 250 மில்லிகிராம் ஏற்றுவார்கள் என்றால், கண்ணுக்குப் போடுவது 1.25 மில்லிகிராம்தான். 200-ல் ஒரு பங்கு! அதிலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும். அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர்கள், 2004 முதல் 2013 வரை இப்படிக் கண் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வரவில்லை.

இந்த ஊசிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 60, 70 தாண்டியவர்கள். ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். ஊசி போடாவிட்டாலும் சிலருக்கு நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். பக்கத்து லயத்துக் கிழவர் நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்தவர். அதை மட்டும் யாரும் பேசவில்லை!

ஆனால் அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள் ஊசிக்கு முன்பே கண் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டவர்களை ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஆகவே அவர்கள் விஷயத்தில் டாக்டர் யோசித்துத்தான் முடிவு செய்வார். இருதய மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஊசி போட்ட சில நாளில் கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் அது கிருமியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே ஓடுங்கள்.

பாட்டி இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். வலக் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னேன். கதவுச் சட்டம் வளைந்து தெரிகிறது, என் முகத்தின் நடுவில் கறுப்பாக இருக்கிறது என்றார். மறுநாளே கிள்ளானுக்கு அனுப்பினேன். இப்போது தவறாமல் போகிறார். இடக் கண்ணில் போன பார்வை திரும்பவில்லை. வலக் கண்ணுக்கு ஊசி நடக்கிறது.