கொடை முதலீடான கதை

வெளிநாட்டு உதவி என்றதும் கப்பலில் வந்திறங்கும் உணவு மூட்டைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இலவசமாக வரும் உணவு கிராமத்துக்குக் கேடாகவும் முடியலாம். அயல்நாட்டுப் பால்பொடியைக் கரைத்து நகரில் மலிவாக விற்றால், மாடு வளர்ப்பவரின் பாலுக்கு விலை ஏது? இந்த இக்கட்டை நம் நாட்டுப் பால்துறை எதிர்கொண்ட விதம் அறியத்தக்கது.

குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் 1946-இல் கூட்டுறவாக ஒன்றுபட்டனர். 1955-இல் ஆனந்த் நகரில் அவர்கள் திறந்த ஆலைக்கு யுனிசெஃப் இயந்திரங்களை வழங்கியது. அதற்கு ஈடாக, அம்மாவட்டக் குழந்தைகளுக்குக் கூட்டுறவு இலவசமாகப் பால் வழங்க வேண்டும் என்பது உடன்பாடு. எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்று மேலைநாட்டு வல்லுநர்கள் கருதிய காலம் அது!

1960-களின் இறுதியில் ஐரோப்பாவில் பால்பொடியும் வெண்ணெயும் தேவைக்கு மேல் குவிந்தன. அவை கொடையாக இங்கு வந்தால் நம் உற்பத்தியாளர் நசிந்துவிடுவர் என்று அஞ்சினார், தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத் தலைவர் வர்கீஸ் குரியன். எனினும் அவர் கொடையை மறுக்கவில்லை. அதனை முதலீடாக்க வழி கண்டார். உலக உணவுத் திட்டத்தின் வாயிலாக 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால்பொடியும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் பெறுவதென முடிவாயிற்று. இவற்றைக் கலந்து உருவாக்கிய பால், டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் உள்நாட்டுப் பாலின் விலையைக் கெடுக்காத விலைக்கு விற்கப்பட்டது. விற்ற பணம் கிராமக் கூட்டுறவுச் சங்கங்களையும் குளிரூட்டும் நிலையங்களையும் தீவன ஆலைகளையும் அமைக்கப் பயன்பட்டது. 1970-இல் தொடங்கிய 'ஆபரேஷன் ஃப்ளட்' இதுவே.

ஐந்தாண்டுகளில் முடிய வேண்டிய முதற்கட்டம் ஏறத்தாழ இருமடங்குக் காலம் எடுத்துக்கொண்டது. நகரப் பால் பண்ணைகள் இறக்குமதிப் பொடிக்கே பழகிவிடுகின்றன என்ற குறைகூறலும் எழுந்தது. அதில் உண்மை அறவே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அரசே 1980-களில் எல்.கே.ஜா தலைமையில் குழு அமைத்துத் திட்டத்தை ஆராய்ந்தது. உலக வங்கிக் கடனும் ஐரோப்பிய உதவியும் துணைநிற்க, மூன்று கட்டங்களாக 1996 வரை பணி நீடித்தது.

கப்பல்கள் நின்றன, சங்கங்கள் நிலைத்தன. நாள்தோறும் இருவேளை பால் அளக்கப்படுகிறது; கொழுப்புச் சத்துக்கேற்ப விலை கணக்கிடப்படுகிறது; உறுப்பினரின் பெயரில் பணம் பதிவாகிறது. முன்பு வியாபாரி சொன்னதே அளவு, அவர் கொடுத்ததே விலை. மாட்டுக் கடன் வேண்டி வங்கிக் கிளைக்கு வருவோரிடம், 'பாலை எந்தச் சங்கத்தில் ஊற்றுகிறீர்கள்?' என்று அதிகாரி முதலில் வினவுவதன் காரணமும் இதுவே. நிலப்பத்திரம் இல்லாத குடும்பத்தின் வரவை, சங்கத்தின் பால் கணக்குப் புத்தகம் அவருக்கு வரிவரியாகக் காட்டிவிடுகிறது.