சாப்பிட வராதவருக்கும் ஒரு தம்ளர்

பூந்தமல்லியைச் சுற்றி வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று மூன்று ஊர்கள். இன்று அவை பஸ் நிறுத்தங்கள், சிக்னல்கள், மனை விளம்பரப் பலகைகள். சென்னையிலிருந்து மேற்கே போகிறவர்கள் நடந்தும் மாட்டுவண்டி கட்டியும் போன நாளில், சாலையில் போகிறவருக்குக் காசு கேட்காமல் நிழலும் தண்ணீரும் தருவது ஊரின் கடமையாக இருந்தது. சத்திரம், அந்த ஊர்ப் பெயர்களில் இருக்கும் சாவடி, தண்ணீர்ப் பந்தல், சுமைதாங்கிக் கல், வீட்டுத் திண்ணை என்று அந்தக் கடமைக்குப் பல உருவங்கள். திண்ணைக்குக் கம்பிக் கதவு வந்தது. சத்திரங்கள் கல்யாண மண்டபங்களாயின. யாரும் சொல்லாமலே அந்த வேலை ஓட்டல்களின் தலையில் வந்து விழுந்தது.

சாப்பிட வராதவர் ஓட்டலில் எதையெல்லாம் பயன்படுத்தலாம், எப்படிக் கேட்கலாம், ஓட்டல்காரர் எதுவரை விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கு எழுதாத விதிகள் எப்போதும் இருந்திருக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் சென்னையின் வாசலில் இருப்பதால் அந்த விதிகள் மாறியதை இங்கே நன்றாகப் பார்க்க முடிகிறது.

அன்று

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்தப் பக்கம் தொழிற்சாலை ஊராக மாறியது. டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஷிப்ட் விட்டால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் சாலைக்கு வருவார்கள். அவர்களை நம்பி கேட் எதிரிலும் பஸ் நிறுத்தத்திலும் டிபன் கடைகளும் டீக்கடைகளும் முளைத்தன.

அந்தக் கடைகளின் வாசலில் ஒரு டிரம் இருக்கும். அதன் மூடிமேல் கவிழ்த்து வைத்த தம்ளர், பல கடைகளில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர், சைக்கிளில் வந்தவர், மூட்டை சுமந்து வந்தவர் என்று யாரும் குடிக்கலாம். ஆனாலும் கேட்காமல் குடிப்பவர் குறைவு. கல்லாவில் இருப்பவரைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்" என்று ஒரு வார்த்தை. "குடிப்பா" என்று ஒரு பதில். தம்ளரை உதட்டில் வைக்காமல் தூக்கிக் குடிக்க வேண்டும். மிச்சத்தை டிரம்மில் கொட்டக் கூடாது, வாசலில் எட்டி ஊற்ற வேண்டும். தம்ளரை மறுபடியும் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவரை மனதில் வைத்து அமைந்த ஒழுங்கு இது.

பெஞ்சுக்கும் பேப்பருக்கும் தனி ஒழுங்கு. டீ வாங்காதவரும் தினத்தந்தி படிக்கலாம். ஆனால் முழுப் பேப்பரையும் ஒருவரே வைத்துக்கொள்ள முடியாது. நடுத்தாள் ஒருவரிடம், முதல் தாள் இன்னொருவரிடம் என்று பிரிந்து போகும், பிறகு கைமாறி ஒன்று சேரும். காசு கொடுத்து டீ குடிக்கிறவர் வந்து நின்றால் சும்மா உட்கார்ந்திருப்பவர் எழுந்துகொள்வார். எழுந்திரு என்று கடைக்காரர் வாய்விட்டுச் சொன்னால் அது இருவருக்குமே கௌரவக் குறைச்சல்.

கட்டுசாதம் கொண்டுவருகிறவர்களின் மரியாதையும் இப்படித்தான். திருப்பதி போகும் குடும்பங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பும். வழியில் ஓட்டலில் நிறுத்தி, "சாப்பாடு இருக்கு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கலாமா?" என்று கேட்பார்கள். கூட்டமில்லாத நேரமாக இருந்தால் இலைகூடக் கிடைக்கும். அதற்குப் பதிலாகப் பெரியவர்களுக்கு இரண்டு காபி, குழந்தைகளுக்கு ஒரு வடை என்று ஏதாவது வாங்குவார்கள். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வாங்காமல் போனாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அன்று விடுபட்டவர்கள்

இதையெல்லாம் பொற்காலமாக எழுதிவிட்டுப் போனால் பொய்யாகிவிடும். அந்த டிரம்மும் பெஞ்சும் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. சாதி பார்த்து உள்ளே விடாத ஓட்டல்களும், தனித் தம்ளர் வைத்த டீக்கடைகளும் தமிழ்நாடு முழுக்க இருந்தன. சென்னையிலேயே திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு, பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957-ல் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

உணவகங்களிலும் ஓட்டல்களிலும் நுழைய மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் எதுவும் தடையாகக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்கிறது. 1955 ஜூன் 1-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓட்டலுக்குள் விடாமல் தடுப்பது மட்டுமல்ல, அங்கே பொதுவில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் தண்டனைக்குரியது என்று அதன் 4-வது பிரிவு சொன்னது. வாசல் டிரம்மின் தம்ளருக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. அந்தத் தம்ளர் எல்லோர் கைக்கும் வந்ததற்குப் பின்னால் எத்தனையோ பேரின் அவமானமும் போராட்டமும் இருக்கின்றன.

இன்னொரு பெரிய கூட்டமும் விடுபட்டிருந்தது. பெண்கள். பெரிய ஓட்டல்களில் அரைக்கதவு போட்ட 'ஃபேமிலி ரூம்' உண்டு, பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையில் வீட்டில் கிளம்பினால் மாலை வீட்டுக்குத் திரும்பும்வரை அடக்கிக்கொள்வதுதான் வழி. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு வேலைக்குப் போன தலைமுறை அது. தாராளமாகத் தண்ணீர் தந்த ஓட்டலில் அவர்கள் அந்தத் தண்ணீரைப் பயந்து பயந்து குடித்தார்கள்.

இன்று

இன்று ஆவடி ஒரு மாநகராட்சி. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஐம்பது கார்கள் நிறுத்த இடத்தோடு பெரிய சைவ ஓட்டல்கள். லாபியும் விருந்து மண்டபமும் கொண்ட தங்கும் ஓட்டல்களும் வந்துவிட்டன. வசதியில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடவே முடியாது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தாழ்ப்பாள், தண்ணீர், வெளிச்சம் எல்லாம் இருக்கின்றன. நெடுந்தூரம் போகிற பெண்கள் எங்கே நிறுத்துவது என்பதைச் சாப்பாட்டு ருசியைவிடக் கழிப்பறைச் சுத்தத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

ஆனால் வாசல் டிரம் போய்விட்டது. உள்ளே உட்கார்ந்தால் "நார்மல் வாட்டரா, பாட்டில் வாட்டரா?" என்பது முதல் கேள்வி. பாட்டில் மேல் அச்சிட்ட விலைக்கு மேலேயும் ஓட்டல்கள் வாங்கலாம், உட்காரும் இடம், பரிமாறுதல் எல்லாம் சேர்ந்த சேவை அது என்று உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. வாசலில் காவலாளி நிற்கிறார். கல்லா எங்கோ உள்ளே தள்ளிப் போய்விட்டது. ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது என்று தெரிவதில்லை.

கேட்க ஆளில்லாத இடத்தில் முகத்தையும் உடையையும் பார்த்து முடிவெடுப்பது நடக்கிறது. காரிலிருந்து இறங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு நேராக உள்ளே போகிறவரைக் காவலாளி தடுப்பதில்லை. அவர் ஒரு டீகூட வாங்காமல் திரும்பினாலும் சலாம் கிடைக்கும். அதே வாசலில் உணவு டெலிவரி செய்யும் பையன் பார்சலுக்காக இருபது நிமிடம் நிற்கிறான். அந்த ஓட்டலுக்கே வியாபாரம் கொண்டுவருகிறவன். முதுகில் சதுரப் பை, போனில் சார்ஜ் பத்து சதவீதம். "பாத்ரூம் போய்க்கலாமாண்ணே?" என்று கேட்கவே தயங்குகிறான். கேட்டால், "கஸ்டமருக்கு மட்டும்பா" என்று பதில் வருகிறது. நான் இந்தச் சாலைகளில் திரும்பத் திரும்பப் பார்த்து மனம் கசந்த காட்சி இது. சாதியைப் பார்த்து மறித்த வாசலைச் சட்டத்தால் திறந்தோம். உடையைப் பார்த்து மறிக்கும் வாசலைத் திறக்க மனிதர்கள்தான் முயல வேண்டும்.

மறுபக்கக் குறையும் உண்மைதான். சுற்றுலா பஸ் வந்து நின்றால் ஐம்பது பேர் இறங்கி, யாரையும் கேட்காமல் நேராகக் கழிப்பறைக்கு ஓடுகிறார்கள். கை கழுவும் தொட்டியில் காலைத் தூக்கிக் கழுவுகிறார்கள். தரை முழுக்க ஈரம், குழாய் திறந்தே கிடக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒரு காபியோடு லேப்டாப் திறந்து மணிக்கணக்கில் உட்கார்கிறார்கள். கழிப்பறைத் தரையின் ஈரத்தை மறுபடி மறுபடி துடைக்கிற அக்காவுக்கு முதலாளி தனிச் சம்பளம் தருவதில்லை. 'கஸ்டமருக்கு மட்டும்' என்ற பலகை பல இடங்களில் அந்த அக்காவின் களைப்பிலிருந்து பிறந்தது.

சட்டம் சொல்வது எதுவரை

1867-ம் ஆண்டின் சராய் சட்டப்படி எந்த ஓட்டலிலும் இலவசமாகத் தண்ணீர் குடிக்கலாம், கழிப்பறை போகலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அந்தச் சட்டத்தின் 7-வது பிரிவு விடுதி நடத்துகிறவருக்கு விதிக்கும் கடமைகள் வேறு. அறைகள், வடிகால்கள், கிணறுகளைச் சுத்தமாக வைப்பது, சுவரையும் கதவையும் பழுது பார்ப்பது, காவலுக்கு ஆள் போடுவது, கட்டணப் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிடுவது. வழிப்போக்கருக்கு இலவசக் கழிப்பறை என்று அதில் இல்லை. போனை நீட்டி அதைக் காட்டிச் சண்டை போடுவதில் பயனில்லை.

உள்ளாட்சிகள் நினைத்தால் வழி உண்டு. 2017 ஏப்ரலில் தெற்கு டெல்லி மாநகராட்சி, ஓட்டல்களும் உணவகங்களும் தங்கள் கழிப்பறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும், விரும்பினால் 5 ரூபாய்வரை வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தது. பக்கத்து அண்ணாநகரில் சென்னை மாநகராட்சி 2025-ல் டெலிவரி ஊழியர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. உட்கார நாற்காலி, கழிப்பறை, போன் சார்ஜ் செய்ய வசதி என்று எல்லாம் அதில் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லி பஸ் நிலையப் பகுதிக்கும் அப்படி ஒன்று அவசரத் தேவை.

புதிய வழக்கம்

அதுவரை மிச்சமிருப்பது மரியாதைதான். இந்தப் பக்கத்து மண்ணுக்கு அது புதிதும் அல்ல. ஒவ்வொரு புரட்டாசியிலும் பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் திருப்பதி திருக்குடை ஊர்வலம் வில்லிவாக்கம், திருமுல்லைவாயில், திருவள்ளூர் வழியாகப் போகிறது. அப்போது வழியெங்கும் நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள், தெரியாதவர்களுக்கும் வீட்டுக் கதவைத் திறக்கிறார்கள். சில நாள் காட்டும் அந்த மனதை மற்ற நாட்களுக்கும் கொஞ்சம் நீட்டினால் போதும்.

உள்ளே போகிறவர் முதலில் கேட்க வேண்டும். "ரெஸ்ட் ரூம் போய்க்கலாமா?" என்ற ஒரு கேள்வி, ஒரு கட்டடத்தைப் பயன்படுத்தும் வேலையை ஒரு மனிதரிடம் உதவி பெறுவதாக மாற்றிவிடுகிறது. கூட்ட நேரத்தில் மேஜையைப் பிடிக்க வேண்டாம். போனை சார்ஜ் போடுமுன்பும், வை-ஃபை வேண்டுமென்றாலும் கேளுங்கள். தங்கும் ஓட்டலின் லாபியில் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று வரவேற்பில் சொல்லிவிட்டு உட்காருங்கள். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் போன்றவை தங்குகிறவர் காசு கொடுத்து வாங்கியவை. வெளியாட்களுக்குக் கட்டணம் இருந்தால் கட்டிப் போகலாம், இல்லையென்றால் கேட்பதே முறையில்லை. கழிப்பறையை, போனபோது இருந்தபடியே விட்டுவிட்டு வர வேண்டும். முடிந்தால் துடைக்கிற அக்காவின் கையில் பத்து ரூபாய்.

ஓட்டல்காரர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பெண்கள், முதியவர்கள், குழந்தையோடு வருகிறவர்கள், பார்சலுக்கு நிற்கிற டெலிவரி ஊழியர்கள் ஆகியோரிடம் பில் கேட்கக் கூடாது. வாசலில் மறுபடியும் ஒரு குடிநீர்க் குழாய் வைக்கலாம். கேட்கிற எவருக்கும் வழி காட்டலாம் என்று காவலாளிக்கு முதலாளியே வாய்விட்டுச் சொல்லி வைக்க வேண்டும். ஏனென்றால் மறுத்து அனுப்பும் சங்கடம் அந்த ஏழை மனிதரின் தலையில்தான் விழுகிறது. துப்புரவு அக்காவுக்குக் கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம் தர வேண்டும். 

சாலையில் போகிறவர் அத்தனை பேரும் நம் ஊருக்கு வந்தவர்கள். அவர்கள் தாகத்தோடும் அவஸ்தையோடும் நம் ஊரைத் தாண்டிப் போனால் அந்தக் குறை ஓட்டலுக்கு மட்டுமல்ல, ஊருக்கும் சேரும்.