காற்றில் பொரியும் காய்

நாகர்கோவில் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடை வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தோலுரித்த காயைக் கொதிக்கிற எண்ணெய்க்கு மேலேயே பிடித்துச் சரசரவென்று சீவித் தள்ளுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மஞ்சள் கரைத்த உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து அந்த எண்ணெயிலேயே ஊற்றுவார்கள். சட்டி சீறிப் பொங்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள். மாஸ்டரோ காதைச் சட்டியின் மேலேயே வைத்திருப்பார். இரைச்சல் அடங்கியதும் அரிகரண்டி உள்ளே போகும்.

அந்த இரைச்சல் முழுக்கத் தண்ணீர் போடும் சத்தம். எண்ணெயின் சூடு 170 முதல் 190 டிகிரி வரை இருக்கும். காய்க்குள் இருக்கும் நீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிக் குமிழ் குமிழாக வெளியே ஓடிவரும். ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100-ஐ ஒட்டியே நிற்கும். ஈரம் வற்றிய பிறகுதான் மேற்பரப்பு சூடேறி, 140 டிகிரி வாக்கில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் கொடுக்கும். 1912-ல் இந்த வினையை விவரித்த பிரெஞ்சு வேதியியலர் லூயி காமில் மையாரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

பச்சை உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் நீர். பாக்கெட்டில் வரும் நல்ல சிப்ஸில் அது 2 சதவீத அளவுக்கு இறங்கியிருக்கும். பதிலுக்கு எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் குடியேறியிருக்கும். இந்த எண்ணெயில் பெரும்பகுதி சட்டிக்குள் இருக்கும்போது ஏறுவதில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். கொதிக்கும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய்க்கு உள்ளே நுழைய வழியில்லை. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் மிச்ச ஆவி குளிர்ந்து சுருங்கும். அப்போது உண்டாகும் வெற்றிடம், மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

ஆக, சிப்ஸ் போடுவதென்பது காயிலிருந்து நீரை விரட்டும் வேலை. எண்ணெய் அதற்கு ஒரு வழி. சுண்டைக்காயும் பாகற்காயும் மொட்டை மாடி வெயிலில் வற்றலாவது இன்னொரு வழி. ஏர் ஃப்ரையர் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. என் கணிப்பில் அது வாணலியைவிட வற்றலுக்குத்தான் நெருங்கிய உறவு. இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான் ‘கடையில் வாங்குகிற மாதிரி வரவில்லையே’ என்று ஒரு மாதத்தில் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

இயந்திரம் எளிமையானது. மேலே சூடேறும் கம்பிச் சுருள், அதற்கும் மேலே ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. சுருளைத் தொட்டுச் சூடான காற்று கூடையைச் சுற்றியும் ஊடுருவியும் ஓடி மறுபடி மேலே வரும். விசிறி வைத்த அடுப்பு புதிய யோசனை இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்தில் அமெரிக்கரான வில்லியம் மேக்ஸன், விமானத்தில் உறைந்த உணவைச் சூடாக்க அப்படி ஒன்றைச் செய்தார். அந்த ஏற்பாட்டைச் சமையல் மேடையில் அடங்கும் அளவுக்குக் குறுக்கி, காற்றின் வேகத்தைக் கூட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரெட் வான் டெர் வெய். பிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் பெர்லின் மின்னணுக் கண்காட்சியில் அதை ‘ஏர்ஃப்ரையர்’ என்று அறிமுகப்படுத்தியது.

வேகம் ஏன் முக்கியம்? வெப்பத்தைக் கடத்துவதில் காற்று படு மந்தம். எண்ணெயோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. போதாததற்கு, காயிலிருந்து கிளம்பும் ஆவி அதன் மேலேயே ஒரு ஈரப் போர்வையாகக் கவிந்துகொள்ளும். காற்று அடிக்காத நாளில் கொடியில் துணி காயாமல் கிடக்கிறதே, அதே கதைதான். விசிறி அந்தப் போர்வையைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 200 கிராம் உருளைக்கிழங்கில் நீர் மட்டும் 160 கிராம். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,500 ஜூல் வேண்டும். மொத்தம் 4 லட்சம் ஜூல். 1,500 வாட் சுருளின் சூடு ஒரு துளி வீணாகாமல் காய்க்குள் போனால் ஐந்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். நிஜத்தில் இருபது நிமிடம் பிடிக்கிறது. சூடு சுருளிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து சீவலுக்கும் போய்ச் சேருவதில்தான் தாமதம். அதனால் கூடையை நிரப்பிப் போட்டால் காரியம் கெட்டுவிடும்: சீவல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, காற்றுப் படாத இடமெல்லாம் அவித்த கிழங்காகிவிடும். ஒரே அடுக்கு, அதிகம் போனால் அங்கங்கே ஓரம் தொட்டுக்கொள்ளலாம். பெரிய குடும்பத்துக்கு இது சரிப்பட்டு வராது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

காயை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். கத்தியால் அரிந்தால் ஓரம் மெலிந்தும் நடு தடித்தும் போகும். ஓரம் கருகும்போது நடுவில் வேகாமல் இருக்கும். சிப்ஸ் சீவும் கட்டைதான் சரி. உருளைக்கிழங்குச் சீவலைக் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டால் மேலிருக்கும் மாவும் கொஞ்சம் சர்க்கரையும் கரைந்து, ஒட்டாமலும் சீக்கிரம் கருகாமலும் வரும். பிறகு துணியில் பரப்பி நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். துணியில் போகிற நீர் அவ்வளவுக்கும் சுருள் வேலை செய்ய வேண்டியதில்லை. கடைசியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசறினால், சீவலுக்கும் காற்றுக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலம் உண்டாகிச் சூடு சீராகப் பரவும்; மிளகாய்த்தூளும் ஒட்டிக்கொள்ளும்.

உருளைக்கு 160 டிகிரி, நடுவில் இரண்டு தடவை குலுக்கல். பீட்ரூட்டும் கேரட்டும் சர்க்கரைக் காய்கள்; அந்தச் சூட்டில் கறுத்துக் கசந்துவிடும். 145 டிகிரியில் கூடுதல் நேரம் விட வேண்டும். அப்படி விட்டாலும் பீட்ரூட்டின் சிவப்பு கொஞ்சம் பழுப்பேறத்தான் செய்யும், அந்த நிறமி சூடு தாங்காதது. பாகற்காயை விதை நீக்கி உப்பில் பிசறி வைத்து, விட்ட நீரைப் பிழிந்துவிட்டுப் போடலாம். என்னைக் கேட்டால் இந்த இயந்திரத்துக்கென்றே பிறந்த காய் அதுதான். ஒரு எச்சரிக்கை: நீர் வற்றி எடை குறைந்ததும் சீவல்கள் காற்றில் பறந்து சுருளில் ஒட்டிக் கருகும். மேலே ஒரு கம்பித் தட்டைக் கவிழ்த்து வைப்பது நல்லது.

எடுக்கும் பதம் கண்ணில் தெரியும். முதலில் சீவல் கண்ணாடி போல ஆகும்; பிறகு ஓரம் தூக்கி அலையாக மடியும்; கடைசியில் நடுவிலிருக்கும் அந்தக் கண்ணாடித் திட்டு சுருங்கிச் சுருங்கி மறையும். திட்டு இருக்கிற சீவல் ஆறினால் நமத்துப்போகும். அதே சமயம், நன்றாகக் காய்ந்த சீவல்கூடச் சூடாக இருக்கையில் வளையும். பயந்து இன்னும் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் கரிதான் மிஞ்சும். மாவுப்பொருளும் சர்க்கரையும் ஆறும்போதுதான் கண்ணாடி போல இறுகும், அதிலிருந்துதான் மொறுமொறுப்பு. தட்டில் குவிக்காமல் பரப்பி ஆறவிட்டால் போதும்.

மொறுமொறுப்பில் பாதி காதுக்குரியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வாளர்கள் சார்லஸ் ஸ்பென்ஸும் மசிமிலியானோ சம்பீனியும், சிப்ஸைக் கடித்தவர்களுக்கு அவர்கள் கடித்த சத்தத்தையே ஹெட்ஃபோனில் கூட்டிக் கேட்கவைத்தார்கள். கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலியைக் கூட்டியபோது, அதே சிப்ஸ் இன்னும் புதியது, இன்னும் மொறுமொறுப்பானது என்றார்கள் சாப்பிட்டவர்கள். 2004-ல் வெளிவந்த ஆய்வு இது. 2008-ல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் இக் நோபல் பரிசும் பெற்றது.

உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்குப் பதில்: எண்ணெய் பெருமளவு குறைகிறது, அது உண்மை. ஆனால் 2002-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் வறுத்த மாவுப் பண்டங்களில் கண்டறிந்த அக்ரிலமைடு என்ற கேடான வேதிப்பொருள், 120 டிகிரிக்கு மேல் காற்றில் வறுத்தாலும் உண்டாகும். பொன்னிறத்தில் நிறுத்துவதும், சிப்ஸுக்கான உருளையை ஃப்ரிட்ஜில் வைக்காமல் இருப்பதும் அதைக் குறைக்கும். குளிரில் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறி, சூட்டில் சீக்கிரம் கறுக்கும்.

இனி தொட்டுக்கொள்ள ஒன்று. வறண்ட சிப்ஸுக்கு முதல் எதிரி நீர்த்த சட்னி. தொட்ட மாத்திரத்தில் நமத்துவிடும். அரை லிட்டர் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஃப்ரிட்ஜுக்குள் நான்கு மணி நேரம் தொங்கவிட்டால், தெளிநீர் வடிந்து பாதியளவுக்குக் கெட்டித் தயிர் நிற்கும். இதற்குள் பத்துப் பல் பூண்டைத் தோலோடு எண்ணெய் தடவி, அலுமினியத் தாளில் சுற்றி அதே கூடையில் வேகவிடலாம். பச்சைப் பூண்டை நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்துதான் காரம் பிறக்கிறது. நசுக்காமல் வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்து, பூண்டு இனித்து வெண்ணெயாகக் குழையும். இரண்டையும் குழைத்து, மிளகுத்தூளும் நல்லெண்ணெய் ஒரு ஸ்பூனும் சேர்த்து, மொறுமொறுவென்று வறுத்த கறிவேப்பிலையை மேலே நொறுக்கிப் போடலாம். உப்பு மட்டும் பரிமாறும் நேரத்தில். முன்னாலேயே போட்டால் தயிர் மறுபடி நீர் விடத் தொடங்கும். வடிந்த தெளிநீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசைய ஆகும்.