இன்ஜின் எழுப்பும் சத்தங்கள்

காரின் இன்ஜினில் புதிதாகக் கிளம்பும் சத்தத்தை ஒலியை மட்டும் வைத்து இனங்காண்பது கடினம். ஒருவர் காதுக்கு ‘டிக் டிக்’ என்பது இன்னொருவர் காதுக்கு ‘டொக் டொக்’ என்று படும். எப்போது வருகிறது, எதனோடு சேர்ந்து வேகம் பிடிக்கிறது என்பவையே நம்பத்தக்க தடயங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து அடங்கிவிடுகிறதா, சூடேறிய பிறகு தொடங்குகிறதா, மேடேறும்போது மட்டும் கேட்கிறதா என்று அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே விசாரித்துவிடுவார். இன்ஜினிலிருந்து வருவதென்றால், வண்டி நிற்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சத்தமும் கூடவே வேகமெடுக்க வேண்டும். ஓடும்போது மட்டும் கேட்டால் சக்கர பேரிங், பிரேக் பக்கம் தேடுவது நல்லது.

எதையும் கழற்றும் முன் ஆயிலைப் பார்க்க வேண்டும். சமதளத்தில் இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்தால் அளவு தெரிந்துவிடும். குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு மறுபடி கேட்டுப் பார்க்கலாம். சில சத்தங்கள் அத்துடன் தீர்ந்துவிடுகின்றன.

அதிகம் குழப்புவது மெல்லிய ‘டிக் டிக்’. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் 2 சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் 1 சுற்றுதான் சுற்றும். ஐடிலிங் வேகம் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், தளர்ந்துபோன ஒரு டேப்பெட் 400 முறை, அதாவது விநாடிக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவாகத் தட்டும். பல இன்ஜின்களில் டேப்பெட் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கை ஒட்டியே இருக்கும். ஃபீலர் கேஜ் வைத்து, கம்பெனி சொல்லும் அளவுக்கு அதைச் சரிசெய்தால் போதும். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பெட்டாக இருந்தால், இரவில் ஆயில் வடிந்து காலையில் சில விநாடி தட்டுவது இயல்பு. அதற்குச் செலவு செய்யத் தேவையில்லை.

இதே தாளத்தில் தட்டும் இன்னொன்று, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்த கசிவு. ஒவ்வொரு சிலிண்டரும் 2 சுற்றுக்கு ஒருமுறைதான் புகையைத் தள்ளுவதால் டேப்பெட் என்றே தோன்றும். சூடேறி இரும்பு விரிந்தால் இடுக்கு அடைபட்டுச் சத்தம் குறையும். கேஸ்கெட்டை ஒட்டிப் படிந்த கரி மறுக்க முடியாத சாட்சி. டேப்பெட்டைச் சரிசெய்தும் சத்தம் போகவில்லை என்று திரும்பிவரும் வண்டிகளில் இந்த இடத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் வண்டி மேட்டில், உயர்ந்த கியரில் திணறும்போது சில்லறையைக் குலுக்குவதுபோல் கேட்பது நாக்கிங். ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி முடிவதற்குள், மீதிக் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே வெடிக்கிறது. இதைத் தடுக்கத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தார். அது உண்டாக்கிய நஞ்சு பெரிது; இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்டது. இன்றைய கார்களில் நாக் சென்சார் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்திச் சமாளிக்கிறது. அதையும் மீறிக் கேட்டால், கியரைக் குறைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு பெட்ரோலின் ஆக்டேன், சிலிண்டரில் படிந்த கரி, இன்ஜின் சூடு என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

அடியிலிருந்து எழும் கனத்த ‘டொக் டொக்’ வேறு வகை. கனெக்டிங் ராட் பேரிங்கின் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தேய்ந்து அது கூடினால் ராட் கிராங்க்கை அடிக்கத் தொடங்கும். இழுவையின்போதோ ஆக்சிலரேட்டரை விடும்போதோ சத்தம் பெருகும். பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டர்களின் இன்ஜெக்டர் இணைப்பை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது எதில் சத்தம் தணிகிறதோ அங்கே கோளாறு. காமன் ரெயில் டீசலில் எரிபொருள் குழாயைத் தளர்த்தி இப்படிச் சோதிக்கவே கூடாது. 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். கனத்த தட்டலோடு ஆயில் விளக்கும் எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி உடனே அணைத்து, கட்டி இழுத்துச் செல்வதே மலிவு. சில கிலோமீட்டர் ஓட்டினாலும் கிராங்க்கும் பாழாகலாம்.

‘கிரீச்’ என்று கத்துவது பெரும்பாலும் பெல்ட். ஓடும் பெல்ட்டிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். சத்தம் ஒரு கணம் நின்று திரும்பினால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை. கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகளின் முனகலைக் கண்டுபிடிக்க நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை அவற்றின் உடலில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பது பழைய வழி, இன்றும் பலிக்கிறது. டைமிங் செயின் டென்ஷனர் தளர்ந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் ‘கடகட’வென்று ஆடும். தள்ளிப்போட்டால், பல இன்ஜின்களில் செயின் நழுவி வால்வுகள் பிஸ்டனில் மோதிவிடும்.

மாறாக, இன்ஜினே உதிர்வதுபோல் அதிரவைக்கும் சத்தத்துக்கும் சில நேரம் காரணம் எக்ஸாஸ்ட்டின் மேல் மூடிய மெல்லிய வெப்பத் தகடுதான். துருப்பிடித்து விட்டுப்போன போல்ட்டை மாற்றினால் முடிந்தது. குளிரில் மட்டும் வரும் சத்தத்தைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்று காட்ட முடியாது; அதற்குள் இன்ஜின் சூடேறிவிடும். முதல் ஸ்டார்ட்டைச் செல்போனில் பதிவு செய்யலாம், அல்லது வண்டியை முந்தைய மாலையே அங்கு விட்டுவரலாம்.