அட்டையில் 33, காதில் எத்தனை?

ஆந்திராவில் நகரி, ஏகாம்பரக்குப்பம், புத்தூர் பக்கம் போனால் தெருவிலேயே விசைத்தறிச் சத்தம் கேட்கும். நாடா ஓடும் பழைய தறிகள் நெருங்கி நிற்கும் ஷெட்டுக்குள் அது 95 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல்தான் எல்லை என்கிறது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ். அதற்குமேல் மூன்று டெசிபெல் ஏற ஏற, தாங்கும் நேரம் பாதி பாதியாகக் குறையும். 94-க்கு ஒரு மணி, 97-க்கு அரை மணி. இந்தியத் தொழிற்சாலை விதிகள் 90 வரை விட்டுக்கொடுக்கின்றன. வீட்டை ஒட்டி நாலைந்து தறி போட்ட ஷெட்டுக்கு அந்த விதியும் எட்டுவதில்லை.

ஆகவே தறி ஓட்டுபவர்கள் காதடைப்பான் வாங்குகிறார்கள். நல்ல நுரை அடைப்பானின் அட்டையில் 33 என்று போட்டிருக்கும். எத்தனை டெசிபெல் குறையும் என்று ஆய்வகத்தில், சரியாகப் பொருத்திய காதுகளில் எடுத்த அளவு அது. வேலைத்தளத்துக்கு அந்த எண்ணில் 7-ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கச் சொல்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை. கிடைப்பது 13. ஷெட்டில் 100 டெசிபெல் இருந்தால் காதுக்குள் 87 போகிறது; நியோஷ் சொல்லும் எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறது. காதில் திணிக்கும் வெறும் பஞ்சு இதற்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னும் பெரிய ஓட்டை, கழற்றும் நேரம். 30 டெசிபெல் குறையும்படி கச்சிதமாக அடைத்தவர்கூட எட்டு மணியில் அரை மணி கழற்றி வைத்தால், அன்றைய பாதுகாப்பு மொத்தமும் 12 டெசிபெல்லுக்கு இறங்கிவிடும். அந்த அரை மணியில் காதுக்குள் புகும் ஒலியாற்றல், மீதி ஏழரை மணியில் புகுந்ததைப்போல அறுபது மடங்குக்கும் மேல். கழற்றாமலும் இருக்க முடியாது. தறியின் சத்தம் மாறுவதை வைத்தே கோளாறைக் கண்டுபிடிப்பவர்கள் இவர்கள். முதலாளி கூப்பிட்டாலும் போன் வந்தாலும் கை காதுக்குத்தான் போகும்.

போடும் முறையும் பலருக்குச் சொல்லித் தரப்படுவதில்லை. சுத்தமான விரலால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, நுரை விரியும்வரை அரை நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது பேருக்குத்தான் இருக்கிறது.

உட்செவியின் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றிய கேட்கும் திறன். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது பிடிபடாது. வலி கிடையாது, அதனால்தான் வருடக்கணக்கில் தெரியாமலே போகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சத்தத்தால் வரும் இந்தக் கேட்டல் இழப்பை அறிவித்தே ஆகவேண்டிய நோய்களில் சேர்த்திருந்தது. சத்தம் தறி ஓட்டுபவரோடு நிற்பதுமில்லை; ஷெட்டை அடுத்த அறையில் தூங்கும் குழந்தையின் காதில் அடைப்பானும் இல்லை.

என் கருத்தில் செலவு முதலில் தறிக்கே போகவேண்டும். தேய்ந்த பாகங்களை மாற்றுவது, தறிக்காலுக்கு ரப்பர் மெத்தை வைப்பது, வீட்டுக்கும் ஷெட்டுக்கும் இடையே கெட்டியான சுவர், முடிந்தபோது நாடா இல்லாத தறி. காதடைப்பான் அதற்கு அப்புறம். வருடம் ஒருமுறை திருப்பதி ரூயா போன்ற மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் கேட்டல் சோதனை எடுக்கலாம். சத்தத்திலிருந்து 14 மணி நேரமாவது விலகியிருந்தால்தான் அளவு சரியாக வரும். தறி ஓடாத நாளுக்கு மறுநாள் காலை, ஷெட்டுக்குள் கால் வைக்கும் முன் போவது நல்லது.