கார்டுக்குத் தெரிந்ததை டிரைவர் மறைக்கக் கூடாது

நெட்வொர்க் கார்டு என்றால் கேபிள் செருகும் துளை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இன்றைய கார்டு அதைவிட எவ்வளவோ கெட்டிக்காரத்தனமானது. செயலி 64 கிலோபைட் வரையிலான தரவை ஒரே மூச்சில் கொடுத்தாலும், அதை 1,500 பைட்டுக்குள் அடங்கும் பாக்கெட்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் முகவரித் தலைப்பும் பிழை பார்க்கும் தொகையும் போட்டு அனுப்பிவிடும். வரும் பாக்கெட்டுகளைச் செயலியின் பல கோர்களுக்குப் பிரித்தும் கொடுக்கும். 10 கிகாபிட் கேபிளில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் வரை வரலாம். ஒன்றைக் கவனிக்கக் கிடைப்பது 67 நானோநொடி. கார்டின் துணையில்லாமல் இதைச் சமாளிப்பது கடினம்.

இந்தத் திறமைகளை எல்லாம் நமக்குக் காட்டுவதும் காட்டாமல் விடுவதும் டிரைவர் மென்பொருளின் கையில் இருக்கிறது.

ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் மாலை ஆனால் சர்வர் திணறும். எல்லாக் கணினிகளும் பேக்கப் எடுக்கும் நேரம் அது. கேபிளை மாற்றினார்கள், சுவிட்சையும் மாற்றினார்கள், பயனில்லை. லினக்ஸின் பொதுக் கணக்கு, பாக்கெட்டுகள் தவறுகின்றன என்பதோடு நின்றுவிட்டது. நாங்கள் 'ஈத்டூல்' கட்டளையில் பெரிய எஸ் போட்டுக் கேட்டபோது, இன்டெல் கார்டின் டிரைவர் தன் சொந்தக் கணக்குகளை வரிவரியாகக் கொட்டியது. 'ஆர்எக்ஸ் நோ டிஎம்ஏ ரிசோர்சஸ்' என்ற வரியில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. பாக்கெட் கார்டு வரை வந்துவிட்டது, அதை இறக்கி வைக்க நினைவகத்தில் இடம் தயாராக இல்லை என்று பொருள். அந்த இடங்களின் எண்ணிக்கையை 512இலிருந்து 4,096 ஆக உயர்த்தினோம். எண் நின்றது.

அந்த ஒரு வரியை டிரைவர் எழுதியவர் வெளியே காட்டியிராவிட்டால், புதுச் சர்வர் வாங்கச் செலவழித்திருப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தால், ஒரு கார்டுக்கு எழுதிய நிரல் அடுத்த கார்டில் ஓடாது. இந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்காகத் திறமையை மூடி வைப்பது தீர்வல்ல. பாக்கெட்டுகளை வேகமாகக் கையாள 2010இல் இன்டெலில் பிறந்த டிபிடிகே என்ற மென்பொருள் தொகுப்பு, இன்று லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வளர்கிறது. ஒரு கார்டுக்கு மட்டுமே உரிய வசதிகளை அது அந்த டிரைவரின் பெயரிலேயே தனியாகத் திறந்து வைக்கிறது. பாக்கெட்டுகளை வடிகட்டும் வேலையில் பல கார்டுகளின் போக்கும் ஒத்து வந்தபோது, 2017இல் 'ஆர்டிஇ ஃப்ளோ' என்ற பொது வழியை அமைத்தார்கள். முதலில் தனிப் பெயர், பலரிடமும் வந்த பிறகு பொதுப் பெயர்: இதுவே சரியான வரிசை என்பேன்.

உங்கள் சர்வரும் திணறினால், புதியது வாங்கும் முன் கார்டின் சொந்தக் கணக்கை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.