சிறிய கரை, பெரிய காவல்



அணை என்றதும் மேட்டூரும் வைகையும் பவானிசாகரும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் நம்முள் பலர் பிறந்த ஊர்களிலும் ஓர் அணை உண்டு. அதற்குப் பூங்கா இல்லை, வண்ண விளக்கு இல்லை, சுற்றுலா வருவோரும் இல்லை. அதைத்தான் நாம் ஏரிக்கரை என்றும் கண்மாய்க்கரை என்றும் அழைக்கிறோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. ஒவ்வொரு கரையும் மண்ணால் ஆன அணையே. அதற்கு ஒரு பக்கம் நீர். மறு பக்கம் வயலும் வீடும். கரை நன்றாக இருக்கிறதா என்று கேட்பது, வீட்டில் உறங்குவோர் நலமாக எழுவார்களா என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

ஏரிக்கு மூன்று உறுப்புகள் முக்கியமானவை. நீரைத் தாங்குவது கரை. வயலுக்கு வேண்டிய நீரை அளந்து விடுவது மதகு. ஏரி நிறைந்தபின் மிஞ்சும் நீரை வெளியேற்றுவது கலிங்கு. கலிங்கின் மட்டம் எப்போதும் கரையின் உச்சியைவிடத் தாழ்வாகவே இருக்கும். இந்த இடைவெளிதான் ஏரியின் உயிர்நாடி. கூடுதலாக நீர் தேங்கட்டும் என்றோ, மீன் போய்விடக் கூடாது என்றோ கலிங்கை அடைத்துவிட்டால், பெருமழையில் நீர் கரையின் மேலேறி வழியும். கற்கட்டடம் அதைச் சிறிது நேரம் தாங்கலாம்; மண் தாங்காது. வழிகின்ற நீர் வெளிச்சரிவை அரித்து, சில மணி நேரத்தில் கரையைப் பிளந்துவிடும்.

இரண்டாவது பகை கண்ணுக்கு எளிதில் தெரியாதது. எந்த மண் கரையிலும் சிறிது நீர் கசியும். கசியும் நீர் தெளிவாக இருந்தால் அச்சம் குறைவு. கலங்கலாக வந்தால் கரையின் மண்ணையும் அது தன்னுடன் கொண்டு வருகிறது என்று பொருள். எலி வளை, நண்டு வளை, மட்கிப்போன மரவேர், பழுதான மதகுக் குழாயின் ஓரம் ஆகியவற்றின் வழியே நீர் நுழையும். வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கிச் சிறு சுரங்கம் போல அரித்துக்கொண்டே போகும். மேலே கரை திடமாகவே தோன்றும். உள்ளே அது பொள்ளலாகியிருக்கும். கரையில் புல்லையும் பனையையும் நம் முன்னோர் விரும்பியதற்குக் காரணம் உண்டு. அவற்றின் சல்லி வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சீமைக்கருவேலம் மண்டிய கரையிலோ பழுது இருந்தாலும் பார்க்க வழியில்லை.

இவை வெறும் ஏட்டுப் பாடம் அல்ல என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு துயரம் காட்டுகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்னும் ஊருக்கு அருகே ஒரு விவிலியக் கல்லூரி இருக்கிறது. அதன் மேலே, மலையில், கெல்லி பார்ன்ஸ் அணை இருந்தது. உயரம் 40 அடிக்கும் குறைவு. மின்சாரத்துக்காக எழுப்பிய சிறு அணையின்மேல் பிற்காலத்தில் மண் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். 1957-இல் மின் உற்பத்தி நின்றது. அதன்பின் அது அழகான ஏரியாக மட்டுமே இருந்தது. 1973-இல் எடுத்த ஒரு புகைப்படத்திலேயே வெளிச்சரிவில் மண் சரிந்திருந்தது தெரிகிறது. 1977 நவம்பர் 6 அன்று, பல நாள் மழைக்குப்பின், விடியற்காலை 1.30 மணியளவில் அணை உடைந்தது. கீழே உறங்கிக்கொண்டிருந்த கல்லூரிக் குடும்பத்தினர் 39 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் பலர். செங்குத்தான வெளிச்சரிவு சரிந்ததும், உள்ளே நீர் அரித்ததும் சேர்ந்து அணையை வீழ்த்தியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கூறினர்.

அணைகளை ஆய்வு செய்யும் சட்டம் அந்நாட்டில் 1972-லேயே இயற்றப்பட்டிருந்தது. ஆனால் தனியார் அணைகளை முறையாகப் பார்வையிடும் பணி, இந்த 39 உயிர்கள் போனபின், அதிபர் ஜிம்மி கார்ட்டரின் ஆணையால்தான் விரைவு பெற்றது. மழை பெய்தது சில நாள். கவனிப்பாரற்றுக் கிடந்தது பல ஆண்டு. எது அணையை உடைத்தது என்று நாமே சிந்திக்கலாம்.

நம் நாட்டில் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-இல் வந்தது. அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றுள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும் பொருந்தும். நம் ஊர் ஏரிக்கரைகளோ பெரும்பாலும் அந்த உயரத்தை எட்டுவதில்லை. எனவே அவற்றுக்கு ஊர்க் கண்களே முதற்காவல். முற்காலத்தில் நீர்க்கட்டி என்பவர் மதகையும் கரையையும் பார்த்துக்கொண்டார்; குடிமராமத்து என்ற பெயரில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் சுமந்தார். குடிமராமத்து 2017-இல் அரசுத் திட்டமாக மீண்டும் தொடங்கியது. ஆயினும் தூர் வாரியதோடு வேலை முடிவதில்லை; மழைதோறும் பார்க்கும் கண் வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் என்ன செய்யலாம்? மழைக்காலத்துக்கு முன், பெரியவர்களோடு ஒருமுறை கரை நெடுக நடந்து வருவோம். கரையின் உச்சி எங்கேனும் தாழ்ந்திருக்கிறதா? நீளவாக்கில் வெடிப்பு உண்டா? வெளிச்சரிவு புடைத்திருக்கிறதா? கலிங்கின் வழி திறந்திருக்கிறதா? கசியும் நீர் தெளிவா, கலங்கலா? கண்டதை நாளிட்டு ஒரு நோட்டில் குறித்து, ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தெரிவிப்போம். கலங்கல் ஊற்றைக் கண்டால் அதன் வாயைக் களிமண்ணால் அடைக்கக் கூடாது. அடைத்தால் நீர் வேறு வழி தேடும். மணலும் அதன்மேல் சரளையும் இட்டு, நீரை விட்டு மண்ணை நிறுத்துவதே முறை. அது தெரிந்தவர் செய்யும் வேலை. நம் வேலை உடனே சொல்வது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண் நம் வீட்டுச் சுவரில் இருக்கட்டும். கரை உடையும் நிலையில் இருந்தால் வேடிக்கை பார்க்க அதன்மேல் நிற்காமல், முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மேட்டு நிலத்துக்குச் செல்வோம்.

நம் தாய்மார் இரவில் கதவைத் தாழிட்டு, அடுப்பை அணைத்து, ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்த பின்னரே படுக்கிறார்கள். அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை, அன்பு போதும். அந்தப் பார்வையை ஏரிக்கரை வரை நீட்டுவோம். கரையை நாம் காத்தால் கரை நம்மைக் காக்கும்.